விளிம்பில் எழுதிய பெயர்

பழைய போர்ப் பதக்கம் ஒன்றின் மதிப்பை அறிய விரும்புவோர் பெரும்பாலும் அதன் முகப்பில் உள்ள மன்னரின் தலையையும், பின்பக்கத்துச் சித்திரத்தையும், உலோகம் வெள்ளியா வெண்கலமா என்பதையுமே பார்க்கின்றனர். ஆனால் அதன் பெறுமதியைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு, யாரும் எளிதில் திருப்பிப் பார்க்காத விளிம்புக்கே உரியது. பிரித்தானிய இந்தியப் படையினருக்கு வழங்கப்பட்ட பதக்கங்கள் பலவற்றின் விளிம்பில், பெற்றவரின் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை சிறிய ஆங்கில எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் உலகப் போருக்கான நட்சத்திர வடிவப் பதக்கத்திலோ இவ்விவரங்கள் பின்பக்கத்தில் இடம்பெறும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானிய வீரர்களுக்குப் பெயர் பொறிக்காத பதக்கங்களே பெரும்பாலும் அனுப்பப்பட்டன; இந்திய வீரர்களுக்கோ பெயர் பொறித்தே வழங்கப்பட்டன.

இந்த எழுத்துகளைப் படிப்பதற்குப் பழக்கம் வேண்டும். ‘2 க்யூ.வி.ஓ. எஸ். அண்டு எம்.’ என்று விளிம்பில் கண்டால், அது விக்டோரியா மகாராணியின் பெயர் தாங்கிய இரண்டாம் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் பிரிவு, அதாவது பாலம் கட்டுதல், அகழி தோண்டுதல், கண்ணிவெடி வைத்தல் ஆகிய பணிகளைச் செய்த மதராஸ் சாப்பர்ஸ் என்று பொருள். ‘தம்பிகள்’ என்று படை முழுவதும் அன்போடு அழைக்கப்படுவோர் இவர்களே. தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால், முனுசாமி என்ற ஒரே பெயர் பல வகையான எழுத்துக்கூட்டில் வரக்கூடும். ஒரே பிரிவில் பல முனுசாமிகள் இருந்திருக்கவும் கூடும். எனவே பெயரைக் காட்டிலும் அதற்கு முன்னால் நிற்கும் எண்ணே ஆளை அடையாளம் காட்டுகிறது. அந்த எண்ணும் அந்தப் பிரிவுக்குள் மட்டுமே செல்லுபடியாகும் என்பதால், பிரிவின் பெயர் தேய்ந்துபோன பதக்கத்தில் எண் தெளிவாக இருந்தும் தேடுவோர் திகைத்து நிற்க நேரிடுகிறது.

பெயர் பொறிக்கப்படாத பழைய பதக்கங்களுள் தமிழகத்தோடு நெருங்கிய தொடர்புடையது ஸ்ரீரங்கப்பட்டினப் பதக்கம். 1799 மே 4 அன்று திப்பு சுல்தானின் கோட்டை வீழ்ந்ததைக் குறிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்ட இதன் முகப்பில், பிரித்தானியச் சிங்கம் மைசூர்ப் புலியைக் கீழே வீழ்த்தி அழுத்துகிறது. பின்பக்கத்தில் இடிந்த மதில் வழியே படைகள் ஏற, தாக்குதல் நடந்த வேளையைக் காட்ட உச்சிச் சூரியன் மேலே நிற்க, அடியில் ஹிஜ்ரி ஆண்டோடு கூடிய பாரசீக வரி அமைந்திருக்கிறது. பர்மிங்காம் நகரின் சோஹோ நாணயச்சாலையில் அடித்தது 48 மில்லிமீட்டர் விட்டம் உடையது; கல்கத்தா நாணயச்சாலையில் அடித்தது 45 மில்லிமீட்டர்தான் என்பதால், ஓர் அளவுகோலை வைத்தாலே இரண்டும் பிரிந்துவிடும். உயர் தளபதிகளுக்குத் தங்கம், அடுத்த நிலை அதிகாரிகளுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, அவர்களுக்குக் கீழிருந்த அதிகாரிகளுக்கு வெள்ளி, ஹவில்தார் போன்றோருக்கு வெண்கலம், சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம் எனப் பதவிப் படிநிலை உலோகமாகவே உருமாறியது. மதராஸ் படைச் சிப்பாய்கள் மார்பில் ஏந்தியது அந்த வெள்ளீயத்தையே. மிருதுவான உலோகம் ஆதலால் சிங்கத்தின் பிடரியும் புலியின் கோடுகளும் விரைவில் மழுங்கிவிடும். கூர்மை குறையாமல் எஞ்சிய வெள்ளீயப் பதக்கம் கிடைத்தற்கரியது. சந்தை தங்கத்துக்கே அதிக விலை கொடுக்கும் என்றாலும், மதிலில் ஏறியவனின் கையில் இருந்தது எது என்று கேட்போர் வெள்ளீயத்தையே முதலில் கையில் எடுப்பர். அவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது.

இதே படிநிலை முதல் உலகப் போரிலும் தொடர்ந்தது. 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிரித்தானியப் போர்ப் பதக்கம் ஏறத்தாழ 65 லட்சம் பேருக்கு வெள்ளியிலும், தொழிலாளர் படைகளில் உழைத்த சுமார் 1,10,000 பேருக்கு வெண்கலத்திலும் அடிக்கப்பட்டது. 1980 ஜனவரியில் வெள்ளி விலை ஓர் அவுன்சு 50 டாலரை நெருங்கியபோது வெள்ளிப் பதக்கங்கள் பெருமளவில் உருக்கப்பட்டன. இன்றும் நகைக்கடைத் தராசில் ஏறும் பதக்கத்துக்கு எடைக்குரிய விலை மட்டுமே கிடைக்கிறது. விளிம்பைத் தராசு படிப்பதில்லை.

பெயரால் விலை கூடுவதனாலேயே பெயரில் மோசடியும் நடக்கிறது. அரிய பிரிவொன்றின் பெயரைப் பொறிப்பதற்காகப் பழைய பெயரை அரத்தால் தேய்த்து நீக்குவோர் உண்டு. தேய்த்த இடத்தில் உலோகம் குறைவதால், வெர்னியர் காலிப்பர் கொண்டு விட்டத்தைப் பல திசைகளில் அளந்தால் ஓரிடத்தில் மட்டும் அளவு சற்றே இறங்கும். எழுத்துகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கும்போது, அச்சால் அடித்துப் பதித்தவையா, கூரிய கருவியால் கீறியவையா என்பதும் தெரியும். ஒவ்வொரு போர்க்காலத்துக்கும் உரிய எழுத்துமுறை இருந்ததால், அதற்குப் பொருந்தாத எழுத்து ஐயத்துக்கு இடமளிக்கிறது. வார்ப்பில் செய்த போலியில் சிறு குழிகளும் மங்கிய ஓரங்களும் காணப்படும். உரிய ரிப்பன், போர்க்களத்தின் பெயர் தாங்கிய குறுக்குப் பட்டை, ஒரே வீரரின் மற்றப் பதக்கங்கள், சான்றுத்தாள் ஆகியவை சிதறாமல் சேர்ந்திருப்பின் மதிப்பு உயரும்.

ஆயினும் போலிகளைவிடப் பெருங்கேடு விளைவிப்பது வீட்டு அன்பே. தாத்தாவின் பதக்கத்தைப் பண்டிகைதோறும் வெள்ளியானால் விபூதியாலும் வெண்கலமானால் புளியாலும் துலக்கும் கை, ஒவ்வொரு முறையும் விளிம்பெழுத்தில் மயிரிழை அளவு தேய்த்துவிடுகிறது. வெள்ளியில் படிந்த கறுப்பு அழுக்கன்று, காலத்தின் படிவு. சேகரிப்போர் அதையே விரும்புவர். உலர்ந்த மென்துணியால் தூசியைத் துடைப்பதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. நூறாண்டு கடந்த கலை, கைவினைப் பொருள்களைத் தொல்பொருளாகக் கருதும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடைசெய்வதால், விற்க நினைப்போர் அதையும் அறிந்திருத்தல் நலம்.

வீட்டில் இத்தகைய பதக்கம் இருப்பவர்கள், விற்பதானாலும் வைத்துக்கொள்வதானாலும், அதன் விளிம்பை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி வைத்துப் படித்து, அங்கே உள்ள எண்ணையும் பெயரையும் எழுத்துப்பிழை உட்பட உள்ளபடியே ஒரு தாளில் எழுதிப் பதக்கத்தோடு சேர்த்து வையுங்கள். ஆவணங்களிலும் அந்தப் பெயர் அதே பிழையோடு காத்திருக்கக்கூடும்.