பாட்டி கழுத்தில் ஆந்தை!

கருங்குழிப் பாட்டியின் காசு மாலை, பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்காக விலைபோனது. முதல் சம்பளத்தில் பேத்தி வாங்கித் தந்ததோ, பழைய கிரேக்கக் காசின் அச்சில் செய்த வெள்ளி டாலர்.

"என்னடி இது, வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஆந்தையைக் கொண்டாந்திருக்க?" பாட்டி தொடவே இல்லை.

நம்மூரில் ஆந்தை அலறினால் அபசகுனம். ஏதென்ஸில் அது அறிவுத் தெய்வம் அதீனாவின் பறவை. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் அந்நகர வெள்ளிக்காசில் ஒருபுறம் அதீனா முகம், மறுபுறம் ஆந்தையும் ஆலிவ் இலைகளும் இருந்தன. அவ்வளவு தூரம் போவானேன்? வங்காளத்தில் லட்சுமிக்கே ஆந்தைதான் வாகனம்!

விற்ற மாலையின் ஒவ்வொரு காசிலும் இருந்தவள் அந்த லட்சுமிதான். பேத்தி அதைச் சொன்னதும் பாட்டி டாலரைத் திருப்பிப் பார்த்தார்.

"அவங்களும் காசுல சாமியத்தான் போட்டாங்களா?"

இப்போது டாலர் பாட்டியின் கழுத்தில். அம்மன் முகம் வெளியே, ஆந்தை உள்ளே!