வீட்டிலேயே ஒரு மதர்போர்டு கட்டலாம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

நம்ம பிள்ளைகள் நிறைய பேர் எஸ்பிஎம் முடிச்சதும் எலெக்ட்ரானிக் கம்பெனிக்கு வர்றாங்க. லைன்ல சூப்பர்வைசரா இருக்கிற எனக்கு ஒண்ணு நல்லா தெரியும். மெஷின் நின்னா டெக்னிஷனைக் கூப்பிட்டுட்டு சும்மா நிக்கிற பிள்ளை ஆப்பரேட்டராவே இருந்திடுது. 'ஏன் நின்னுச்சு?'ன்னு எட்டிப் பார்க்கிற பிள்ளைதான் மேல போகுது.

அந்தக் கேள்வி கேட்கிற பழக்கம் வர, பழைய பிராசசரை வெச்சு ஒரு மதர்போர்டு கட்டிப் பார்க்கிறது நல்ல வழி.

உதாரணத்துக்கு இசட்80. 1976-ல வந்தது. நம்ம வயசுக்காரங்க காசு போட்டு விளையாடின பேக்-மேன் பெட்டிக்குள்ள ஓடினதும் இதுதான். 40 கால், 5 வோல்ட் போதும். உள்ளே சுமார் 8,500 டிரான்சிஸ்டர். இன்னிக்குக் கைப்பேசி சில்லுல கோடிக்கணக்குல இருக்கு. அதைத் திறந்து பார்த்தாலும் நமக்கு ஒண்ணும் புரியாது. இசட்80-ல ஒவ்வொரு காலும் என்ன செய்யுதுன்னு ஒரு பிள்ளையால படிச்சு முடிச்சிட முடியும்.

முதல்ல மெமரிகூட வேண்டாம். 8 டேட்டா கால்களையும் ரெசிஸ்டர் வழியா கிரவுண்டுக்குக் கட்டுங்க. பிராசசர் படிக்கிறதெல்லாம் பூஜ்யம். பூஜ்யம்னா அதுக்கு 'ஒண்ணும் செய்யாதே, அடுத்ததுக்குப் போ'ன்னு அர்த்தம். 555 ஐசி வெச்சு மெதுவா கிளாக் கொடுத்து, அட்ரஸ் கால்கள்ல எல்இடி போட்டா, விளக்குகள் மாறி மாறி எரிஞ்சு எண்ண ஆரம்பிக்கும். இவ்வளவு மெதுவா ஓட்ட, இசட்84சி00-ன்னு வர்ற சீமோஸ் வகையை வாங்குங்க. ரீசெட், வெயிட், இன்டரப்ட் மாதிரி உள்ளே வாங்குற கால்களை அந்தரத்தில விடாதீங்க. ரெசிஸ்டர் போட்டு 5 வோல்ட்டுக்கு இழுத்து வையுங்க. ஒவ்வொரு ஐசி பக்கத்திலும் 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் ஒண்ணு.

விளக்கு எரியலைன்னா? மல்டிமீட்டரை எடு, சப்ளை வருதா பாரு, அப்புறம் ரீசெட், அப்புறம் கிளாக். லைன்ல மெஷின் நின்னாலும் இதே வரிசைதான். அதிர்ஷ்டத்துக்கு இங்க வேலை இல்லை.

இந்த வகை இசட்80-ஐ 2024-ல நிறுத்திட்டாங்க. 48 வருஷம் ஓடியிருக்கு. பழைய கையிருப்பு இன்னும் கிடைக்குது. ஆனா வாங்கும்போது கவனம், பழசைத் தேய்ச்சுப் புது எண் அடிச்சு விக்கிறவங்களும் இருக்காங்க.

இன்னொரு விஷயம். கூட வாங்குற 74 வரிசை ஐசிகளைத் திருப்பிப் பாருங்க. சிலதுல 'மலேசியா'ன்னு அச்சடிச்சிருக்கும். 1972-ல இன்டெல் பினாங்கு வந்ததில இருந்து, மைக்ராஸ்கோப்புல கண்ணை வெச்சு வேலை செஞ்ச எத்தனையோ அக்காமார்களின் உழைப்பு அது. நாம செஞ்சு அனுப்பின பொருள். அது எப்படி வேலை செய்யுதுன்னு நம்ம பிள்ளைகளுக்கும் தெரியட்டுமே.

பள்ளி விடுமுறை வருது. சால்டர் பிடிக்கும்போது மட்டும் பெரியவங்க ஒருத்தர் பக்கத்தில இருங்க.