குறைந்த நினைவகமும் நிறைந்த மதியும்

'விளையாட்டு' என்னும் சொல்லுக்குத் தமிழ் வழக்கில் இருபொருள் உண்டு. களத்தில் ஆடுவதும் விளையாட்டு. பொறுப்பின்றிச் செய்வதும் விளையாட்டு. 'விளையாட்டு வினையாயிற்று' என்பது நம் வீடுகளில் அன்றாடம் கேட்கும் பேச்சு. ஆதலின், வீடியோ விளையாட்டைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதப் புகுவோனை ஆன்றோர் சற்று ஐயத்தோடு நோக்குதல் இயல்பே. எனினும், பள்ளிப் பருவந்தொட்டு இவ்விளையாட்டுகளை ஆடி வருபவன் என்ற முறையிலும், அவற்றை ஆக்கியோரின் வரலாற்றை விரும்பிப் பயில்பவன் என்ற முறையிலும் நான் கண்ட ஓர் உண்மையை இங்கு எடுத்துரைக்க விழைகிறேன். பொறியின் ஆற்றல் மட்டுமே ஓர் ஆட்டத்தைச் சிறக்கச் செய்வதில்லை; இருக்கும் ஆற்றலுக்குள் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று துணியும் மதியே அதனைச் சிறக்கச் செய்கிறது.

இளைஞர் கைவண்ணம்

1962-ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவர்தம் நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' என்னும் ஆட்டத்தை உருவாக்கினர். அது இயங்கிய 'பி.டி.பி-1' கணிப்பொறியின் விலை ஏறத்தாழ 1,20,000 டாலர். திரையின் நடுவே ஒரு விண்மீன்; அதன் ஈர்ப்புக்கு ஆட்பட்டுச் சுழலும் இரு விண்கலங்கள்; ஒன்றையொன்று வீழ்த்துவதே ஆட்டம். புதிய பொறியின் திறனைக் காட்ட வேண்டும் என்னும் ஆர்வமே அவ்விளைஞர்களை இயக்கியது; விற்றுப் பொருளீட்டும் எண்ணம் அவர்களுக்கு இருக்கவில்லை. கணக்கிடும் கருவியாகவே கருதப்பட்ட ஒன்றோடு மனிதன் கூடி ஆடலாம் என்பதை அவர்கள் செய்து காட்டினர்.

தளையே துணையாதல்

வெண்பாவின் தளை புலவனுக்குச் சுமையன்று. சொல்லைத் தேர்ந்தெடுக்க அவனைப் பழக்கும் துணை. அக்காலத்துப் பொறிகளின் குறைகளும் ஆட்டம் ஆக்கியோர்க்கு அத்தகைய துணையாயின.

1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் டொமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் ஆட்டத்தைப் படைத்தார். வரிசைக்குப் பதினொன்றாக ஐந்து வரிசைகளில் 55 பகையுருவங்கள் திரையில் இறங்கி வரும். அத்தனை உருவங்களையும் ஒருங்கே விரைந்து நகர்த்த அப்பொறியின் நுண்செயலியால் இயலவில்லை. ஆடுபவர் ஒவ்வொன்றாக வீழ்த்த வீழ்த்த, வரைய வேண்டிய உருவங்கள் குறைந்தன. எஞ்சியவை விரைவு கொண்டன. நிஷிகாடோ இதனைப் பிழையென்று நீக்கினாரா? இல்லை. வெற்றி நெருங்குந்தோறும் இடரும் மிகுவதே ஆட்டத்தின் உயிர் எனக் கண்டு, அதனை அவ்வாறே விட்டுவைத்தார்.

1984-இல் மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் 'டெட்ரிஸ்' ஆட்டத்தை உருவாக்கினார். அவரிடம் இருந்த 'எலெக்ட்ரானிகா 60' கணிப்பொறியில் படம் வரைய வழியில்லை. எழுத்தும் குறியீடுமே தோன்றும். அவர் அடைப்புக்குறிகளை அடுக்கிச் சதுரங்களாக்கினார். நான்கு சதுரங்கள் கூடினால் அமையும் ஏழு வடிவங்களே அவருக்குப் போதுமாயின. திரை விரைவில் நிரம்பிவிடக் கண்டு, நிறைந்த வரிசை மறைய வேண்டும் என்னும் விதியை வகுத்தார். கதையில்லை, வண்ணமில்லை; உலகமோ அதனை இன்றும் ஆடுகிறது.

1985-இல் வெளிவந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே உருவமே. வண்ணம் மட்டும் வேறு. எனினும் நான் வியப்பது இச்சிக்கனத்தை மட்டுமன்று. அதன் முதற்கட்டம் ஓர் எழுத்தும் இன்றிப் பாடம் நடத்துகிறது. மரியோ திரையின் இடப்பக்கம் நிற்க, வலப்பக்கம் வெட்டவெளி. செல்ல வேண்டிய திசை தானே விளங்குகிறது. முதற்பகைவன் மெல்ல நடந்து வருகிறான். தாவாவிடில் ஓர் உயிர் போகும். தொடக்கத்திலேயே போவதால் இழப்பு சிறிது; கற்றதோ பெரிது. நல்லாசிரியரும் இவ்வாறன்றோ கற்பிக்கிறார்!

தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் 'டி.வி. கேம்' என்று அழைக்கப்பட்ட பெட்டியில் இவ்வாட்டத்தை நான் ஆடினேன். கேசட்டின் மேலுறையில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் என அச்சிட்டிருப்பர். உள்ளேயோ சில பத்து ஆட்டங்களே பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும். அந்த ஏமாற்றத்திற்கிடையிலும் மரியோ எங்களை ஏமாற்றவில்லை. ஆங்கிலம் படிக்கத் தெரியாத சிறுவர்களும் அதனைத் தாமே கற்றுக்கொண்டனர். பள்ளத்தில் விழுந்தவன் பொறியைப் பழித்ததில்லை. 'நான் முன்கூட்டியே தாவிவிட்டேன்' என்பான். தோற்றவன் தன் தோல்வியின் காரணத்தை அறிவதே நேர்மையான ஆட்டத்தின் இலக்கணம் என்பது அன்றும் இன்றும் என் கருத்து.

வன்பொருள் கூறும் பாடம்

வன்பொருளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். நின்டெண்டோவின் குன்பேய் யோக்கோய், விலை மலிந்து நன்கு பழகிவிட்ட தொழில்நுட்பத்தைப் புதுமுறையில் கையாள வேண்டும் என்னும் கொள்கையினர். 1989-இல் அவர்தம் குழு ஆக்கிய 'கேம் பாய்' கையடக்கப் பொறியில் வண்ணமில்லை. திரைக்குப் பின்னொளியும் இல்லை. ஆனால் நான்கு பேட்டரிகளில் பத்து மணிநேரத்திற்கு மேல் இயங்கியது. 1990-இல் சேகா வெளியிட்ட 'கேம் கியர்' வண்ணத்தோடும் ஒளியோடும் வந்தது. ஆறு பேட்டரிகளை மூன்று முதல் ஐந்து மணிநேரத்தில் தீர்த்தது. பின்னது ஏறத்தாழ ஒரு கோடி விற்க, கேம் பாயும் அதன் பிற்கால வண்ணப் பதிப்பும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன. பயணத்தில் அணைந்துபோகும் பொறியின் அழகு யாருக்குப் பயன்படும்?

எனினும் எல்லாக் குறையும் நன்மை பயக்கும் எனக் கொள்ளற்க. 128 பைட் நினைவகமே கொண்ட அட்டாரி 2600 பொறியில் 'யார்ஸ் ரிவெஞ்ச்' என்னும் சிறந்த ஆட்டத்தைப் படைத்தவர் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா. அவரிடமே 1982-இல், 'ஈ.டி.' திரைப்படத்தைத் தழுவிய ஆட்டத்தை ஏறத்தாழ ஐந்து வாரங்களில் முடிக்குமாறு பணித்தனர். கிறிஸ்துமஸ் விற்பனையே நோக்கம். அவ்வாட்டம் பெருந்தோல்வியுற்றது. விற்காத கேசட்டுகள் 1983-இல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோவில் புதைக்கப்பட்டன. 2014-இல் அவற்றைத் தோண்டி எடுத்தனர். அதே மனிதர், அதே பொறி. மாறியது காலம் ஒன்றே. நினைவகம் குறைந்தால் மதி கூர்மையாகும். காலத்தைப் பறித்தாலோ மதிக்கு வேலையே இல்லாமற் போகும்.

இன்றைய நிலை

இன்று 100 ஜிகாபைட்டையும் கடந்த ஆட்டங்கள் வருகின்றன. மரியோவினும் 25 லட்சம் மடங்கு பெரியவை! அவற்றுள் கலைநயம் மிக்கவை பல உண்டு. நானும் மகிழ்ந்து ஆடியிருக்கிறேன். ஆயினும், பொறி தளையிடாத காலத்தில் ஆக்குவோன் தனக்குத் தானே தளையிட்டுக்கொள்ளல் வேண்டும். அதனை மறந்தவர்களின் ஆட்டங்களையும் காண்கிறோம். என் அண்ணன் மகன் கைப்பேசியில் ஆடும் ஆட்டம், 'எட்டு மணிநேரம் காத்திரு. அன்றேல் பணம் செலுத்து' என்கிறது. அவனிடம் அது திறமையைக் கேட்கவில்லை. பொறுமையை விலை பேசுகிறது. உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாமலே பணம் கொடுத்துத் திறக்கும் பெட்டிகளும் பல ஆட்டங்களில் உண்டு. அவை சூதாட்டச் சட்டத்தின்கீழ் வரும் என 2018-இல் பெல்ஜியம் அறிவித்தது. சூதின் தீமையை நம் மூத்தோர் அறியாதவரல்லர். அவர்கள் கண்டிக்க வேண்டியது இதனையே. ஆட்டம் முழுவதையும் அன்று.

மற்றொரு கவலையும் உண்டு. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த ஆட்டங்களுள் 87 விழுக்காடு சந்தையில் கிடைப்பதில்லை என வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. 2014-இல் விற்பனைக்கு வந்த 'தி க்ரூ' என்னும் ஆட்டம், 2024 மார்ச் 31-இல் அதன் சேவைக் கணிப்பொறிகள் நிறுத்தப்பட்டதும், விலை கொடுத்து வாங்கியவர்க்கும் இயங்காமற் போயிற்று. முன்னோர் படைப்பைப் பார்க்கவே இயலாத தலைமுறை அதிலிருந்து எதைக் கற்கும்?

மாணவர்க்கு ஒரு சொல்

'விலையுயர்ந்த கணிப்பொறி இருந்தால் நானும் ஏதேனும் செய்வேன்' என்று கூறும் மாணவர் பலரைக் காண்கிறேன். பஜித்னோவிடம் படம் வரையும் பொறி இல்லை, அடைப்புக்குறி இருந்தது. உங்கள் வீட்டிலுள்ள பழைய கணிப்பொறி அதனினும் பல மடங்கு ஆற்றலுடையது. ஒரு விதி, ஒரு தடை, ஒரு வெற்றி என்று சிறியதாய்த் தொடங்குங்கள். ஆக்கியதை உங்கள் தம்பியிடமோ தங்கையிடமோ கொடுத்து, ஒன்றும் விளக்காமல் அருகே அமர்ந்து பாருங்கள். அவர்கள் தாமே கற்றுத் தோற்று, மீண்டும் முயன்றால், நீங்கள் ஆக்கியது நல்ல விளையாட்டு.