வாசகரைத் தேடிப் போனவர்கள்

தனியாக எழுதிப் பிழைப்பவருக்கு எழுதுவது பாதி வேலைதான். மீதிப் பாதியை பிரேம்சந்தும் பஷீரும் செய்த விதம்

மாதச் சம்பளம் இல்லாமல் எழுதிப் பிழைப்பவரை ஒரு கேள்வி விடாமல் துரத்துகிறது. இதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுபவருக்குப் பத்திரிகையே வாசகரைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். தனியாக எழுதுபவர் தானே தேடிக்கொள்ள வேண்டும். நன்றாக எழுதத் தெரிந்த பலருக்கு இந்த இரண்டாவது வேலை கௌரவக் குறைவாகப் படுகிறது. சரக்கு நன்றாக இருந்தால் தானாகப் படிப்பார்கள் என்று இருந்துவிடுகிறார்கள். சில வருடங்களில் எழுதுவதும் நின்றுபோகிறது.

பிரேம்சந்த் அப்படிக் காத்திருக்கவில்லை. இந்தி இலக்கியம் என்றதும் நினைவுக்கு வரும் அவர் எழுத ஆரம்பித்தது உருதுவில். தன்பத் ராய் என்ற இயற்பெயர் கொண்ட அந்தக் கல்வித் துறை ஊழியர் 'நவாப் ராய்' என்ற புனைபெயரில் எழுதிக்கொண்டிருந்தார். 1908ல் வெளியான அவரது 'சோஸ்-ஏ-வதன்' சிறுகதைத் தொகுப்பு ராஜத் துரோகமானது என்று சொல்லி, பிரதிகளை ஆங்கிலேய அரசு கைப்பற்றி எரித்தது. அதன்பின் பிரேம்சந்த் என்ற பெயருக்கு மாறினார்.

பெயரை மாற்றவைத்தது அரசாங்கம். மொழியை மாற்றவைத்தது வாசகர். உருதுவை நம்பி இனிப் பயனில்லை, இந்தியில் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன் என்று 1915ல் தன் நண்பரும் 'ஜமானா' பத்திரிகையின் ஆசிரியருமான தயாநாராயண் நிகமுக்குக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 35. பெயர் வாங்கிய மொழியை விட்டுவிட்டு, இன்னொரு மொழியில் புது ஆளாகப் போய் நிற்கத் துணிவு வேண்டும்.

பலன் கிடைத்தது. உருதுவில் எழுதிய 'பாஜார்-ஏ-ஹுஸ்ன்' நாவலுக்கு அந்த மொழியில் உடனே பதிப்பாளர் கிடைக்கவில்லை. 'சேவாசதன்' என்ற பெயரில் இந்தியில்தான் முதலில், 1919ல், வெளிவந்தது. கல்கத்தாப் பதிப்பாளர் 450 ரூபாய் கொடுத்தார். உருதுப் பதிப்பு லாகூரில் 1924ல் வந்தபோது கிடைத்தது 250 ரூபாய். கதை ஒன்றுதான். வரதட்சணைக்கு வழியில்லாமல் பொருந்தாத இடத்தில் கட்டிக்கொடுக்கப்பட்ட ஒரு பெண், வீட்டைவிட்டு வெளியேறி தாசித் தெருவுக்குப் போய்ச் சேரும் கதை. அந்தக் காலத்தில் யாருக்கும் இனிக்காத விஷயம். வாசகர் முகம் சுளிப்பாரே என்று அதை அவர் மாற்றவில்லை. அவர்கள் படிக்கிற மொழிக்கு அதைக் கொண்டுபோனார், அவ்வளவுதான். அந்தக் கதை மேலும் பயணம் செய்தது. அவர் இறந்தபின், 1938ல், கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'சேவாசதனம்' படமாகத் தமிழுக்கும் வந்தது.

ஆனால் வாசகர் கிடைப்பது வேறு, வருமானம் கிடைப்பது வேறு. 1921ல், கோரக்பூரில் காந்தியின் பேச்சைக் கேட்டபின், இருபது வருட அரசு வேலையை ராஜினாமா செய்தார் பிரேம்சந்த். 1923ல் பனாரஸில் சரஸ்வதி அச்சகம். 1930ல் 'ஹன்ஸ்' மாத இதழ். 1932ல் 'ஜாக்ரண்' வார இதழ். மூன்றும் கையைக் கடித்தன. நாவல்களில் வந்தது பத்திரிகையில் போனது. கடன் கழுத்தை நெரித்தபோது, 1934ல், 53 வயதில் பம்பாய் போய் ஒரு சினிமா கம்பெனிக்குக் கதை எழுதினார். அந்த உலகம் ஒத்துவரவில்லை. 1935ல் பனாரஸ் திரும்பினார்.

பணத்துக்கும் வாசகருக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பள்ளத்தைக் கேரளத்தில் இன்னொருவர் வேறு விதமாகத் தாண்டினார். வைக்கம் முகம்மது பஷீர் எழுத்தாளரானதே வேலை தேடிப் போன இடத்தில்தான். 'ஜயகேசரி' பத்திரிகைக்குப் போய் வேலை கேட்டார். வேலை இல்லை, கதை எழுதிக் கொடுத்தால் பணம் தருகிறேன் என்றார் ஆசிரியர். எழுதிக் கொடுத்தார்.

ஆரம்ப காலத்தில் தன் புத்தகங்களைத் தானே அச்சிட்டு, தானே சுமந்துபோய் வீடு வீடாக விற்றார் பஷீர். பிறகு எர்ணாகுளத்தில் சர்க்கிள் புக் ஹவுஸ் என்ற கடையும், அதன்பின் பஷீர்ஸ் புக் ஸ்டால் என்ற கடையும் நடத்தினார். எழுதிய கையாலேயே புத்தகத்தை எடுத்துக் கொடுத்துச் சில்லறையும் வாங்கிப் போட்டார். வாசலில் நின்று விற்பவருக்கு, எந்தப் பக்கத்தில் வாசகர் சிரிக்கிறார், எங்கே மூடிவைக்கிறார் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. 1944ல் வந்த 'பால்யகால சகி'யிலும் 1951ல் வந்த 'என்டுப்புப்பாக்கொரானேண்டார்ன்னு' நாவலிலும் சாதாரண முஸ்லிம் குடும்பங்கள் வீட்டுக்குள் பேசும் மலையாளம் அப்படியே அச்சேறியது. இரண்டாவது நாவலின் பெயரே கொச்சையான பேச்சுதான். பண்டிதர்களின் இலக்கணத்துக்கு அது அடங்காது. படித்தவர்களுக்கு அது சொந்த வீட்டுக் குரல்.

இன்று தனியாக எழுதுபவருக்கு அச்சகம் வேண்டாம், புத்தகச் சுமையும் இல்லை. கையில் இருக்கும் போனிலேயே எழுதி ஊருக்கெல்லாம் காட்டிவிடலாம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையும் அடுத்த நிமிடமே தெரிகிறது. அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. எண்ணிக்கை குறைந்தால் கை பதறுகிறது. அடுத்த கட்டுரைக்குக் காரமான தலைப்பு, ஒரு நடிகர் பெயர், யாரோடாவது ஒரு சண்டை என்று மனம் போகிறது. கூட்டம் வரும். வேடிக்கை முடிந்ததும் கலைந்துவிடும்.

பிரேம்சந்தும் பஷீரும் வாசகருக்காக நிறையவே இறங்கி வந்தவர்கள்தான். ஒருவர் மொழியை மாற்றினார், இன்னொருவர் தலைச்சுமையாகப் புத்தகம் விற்றார். சொல்ல வந்த விஷயத்தை மட்டும் இருவரும் விலை பேசவில்லை. அதனால்தான் ஒருமுறை வந்த வாசகர் மறுபடியும் வந்தார். தெரிந்த நாலு பேரிடம் புத்தகத்தை நீட்ட வெட்கப்படுகிறவர்களும், நாலாயிரம் பேருக்காக எழுத வந்ததையே மாற்றிக்கொள்கிறவர்களும் இந்த இருவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

பிரேம்சந்துக்கு அந்த வாசகர் எவ்வளவு முக்கியம் என்பது 1936ல் தெரிந்தது. அப்போது 'ஹன்ஸ்' பாரதிய சாகித்ய பரிஷத்தின் பொறுப்பில் இருந்தது. அதில் வந்த ஒரு நாடகத்துக்காக அரசு ஜாமீன் தொகை கேட்டது. கட்டுவதைவிட நிறுத்திவிடலாம் என்றது பரிஷத். படுக்கையில் கிடந்த பிரேம்சந்த் பத்திரிகையைத் திரும்ப வாங்கி, ஜாமீனைக் கட்ட வைத்து, அடுத்த இதழை வெளிக்கொண்டுவந்தார். அக்டோபர் 8ஆம் தேதி இறந்தார். பிற்பாடு நின்றுபோயிருந்த 'ஹன்ஸ்' இதழை 1986ல் அவரது பிறந்த நாளான ஜூலை 31ல் எழுத்தாளர் ராஜேந்திர யாதவ் மறுபடி தொடங்கினார். அதைப் படிக்க அப்போதும் ஆட்கள் இருந்தார்கள்.