பூனை விரட்டிய பேய்கள்

உங்களில் பலருக்கும் ஒரு மகனோ மகளோ கடல் கடந்த நாட்டில் இருப்பார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போய் வந்தவர்களும் இருப்பீர்கள். நானும் 2023 செப்டம்பரில் டொரொண்டோவில் இருக்கும் மகளிடம் போய் மூன்று மாதம் தங்கினேன். அங்கே நான் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒக்டோபர் பிறந்ததும் அந்தத் தெருவே மாறிப்போனது. ஒக்டோபர் 31 ஹலோவீன். அன்று மாலை அங்குள்ள பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாகப் போய் இனிப்பு வாங்குவார்கள். அதற்கு வாரக்கணக்கில் முன்பே வாசல்களில் பூசணிக்காய், மரங்களில் பொய்ச் சிலந்திவலை, பக்கத்து வீட்டுப் புல்தரையில் ஆளுயர எலும்புக்கூடு. மகள் வீட்டில் இதெல்லாம் கிடையாது. நம் பிள்ளைகள் வேடம் போட்டுச் சுற்ற வேண்டியதில்லை என்று மருமகன் முடிவாகச் சொல்லியிருந்தார். அது அவர்கள் குடும்பத்து முடிவு, எனக்கும் சம்மதம்தான். ஆனால் ஐந்து வயதுப் பேத்தி பள்ளிக்கூட பஸ்ஸுக்கு அந்த எலும்புக்கூட்டைத் தாண்டித்தானே போக வேண்டும்? என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் நடப்பாள்.

ஆனாலும் பாருங்கள், வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது பேய் விளையாட்டு. வகுப்பில் எல்லாரும் அதைப் பற்றியே பேசுகிறார்களாம். மகள் வேலைக்குப் போயிருந்தாள். நான் சமையலில் இருந்தேன். டெப்பைக் கையில் எடுத்து, வண்ணப் படம் போட்டிருந்த ஏதோ ஒன்றைத் திறந்து கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். சற்று நேரத்தில் வீறிட்ட சத்தம் கேட்டது. டெப்பும் அலறியது, பிள்ளையும் அலறினாள். திரை முழுக்க இரத்தம் வழியும் ஒரு முகம். மூன்று இரவு பிள்ளை தனியாகப் படுக்கவில்லை. படுக்கையும் நனைந்தது.

“பாக்காமலா குடுத்த நீங்க உம்மா?” என்றாள் மகள். அதிகாலை வேலைக்குப் போகிறவள், மூன்று நாளும் தூக்கமில்லை. மருமகன் என்னைக் குறை சொல்லவில்லை. “பேய் விளையாட்டே இந்த ஊட்டுல வேணாம் மாமி” என்று மட்டும் சொன்னார்.

சரிதான் என்று நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் டெப்பை எடுத்து ஒளித்தாலும் வாசலில் எலும்புக்கூடு நிற்கிறதே! எங்கள் சிறு வயதில் மஃரிபுக்குப் பிறகு கிணற்றடிக்குப் போனால் பேய் பிடிக்கும் என்பார்கள். பிள்ளை கிணற்றில் விழாமலிருக்கச் சொன்னதுதான். எனக்கோ அந்தப் பயம் கலியாணம் முடித்த பிறகும் போகவில்லை. இவளுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்ற கவலை எனக்கு.

பெரிய பேரனைத் துணைக்கு வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன். பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒவ்வொன்றையும் நானே முதலில் விளையாடிப் பார்த்தேன். அறுபது வயதில் எனக்கு வந்த வேலையைப் பாருங்கள்! இடையில் விளம்பரம் குதித்தால் தள்ளினேன். வாசித்தால்தான் விளங்கும் என்றாலும் தள்ளினேன். வேடம் போட்ட பிள்ளைகள் வீடு வீடாகப் போகும் ‘கொஸ்டியூம் குவெஸ்ட்’ அழகானதுதான், ஆனால் வாசிக்க நிறைய இருந்தது. ‘லூயிஜிஸ் மேன்ஷன் 3’ என்பதில் இரண்டு பேர் சேர்ந்து பேய்களைத் தூசு உறிஞ்சும் மெஷினால் பிடிக்கலாம். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் இருட்டு ஹோட்டல். அது பேரனோடு நின்றது.

1980இல் ஜப்பானில் வந்த ‘பேக்மேன்’ உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். வட்ட வாய்க்காரன் புள்ளிகளைத் தின்றுகொண்டு ஓட, நான்கு பேய்கள் துரத்தும். பெரிய புள்ளி ஒன்றைத் தின்றுவிட்டால் பேய்கள் நீலமாகி அவனுக்குப் பயந்து ஓடும். துரத்தியது ஓடுவதைக் கண்டு பேத்தி கைதட்டினாள். ஆனால் அவள் விரலுக்கு அந்த வேகம் சரிப்படவில்லை.

கடைசியில் கிடைத்தது 2016 ஹலோவீனுக்குக் கூகுள் தன் முகப்பில் போட்ட விளையாட்டு. அதன் பழைய முகப்புப் படங்களின் தொகுப்பில் இன்னும் இருக்கிறது. காசில்லை. மோமோ என்ற கறுப்புப் பூனை. பேய்கள் நாலா பக்கமும் மிதந்து வரும். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு கோடு. அதே கோட்டைத் திரையில் விரலால் இழுத்தால் பேய் மறைந்துவிடும். அவ்வளவுதான். பேய்களும் முழித்த கண்ணோடு பஞ்சு மாதிரித்தான் இருக்கின்றன. முதல் கட்டம் நூல் நிலையம், அடுத்தது சாப்பாட்டு அறை. மூன்றாவதான வகுப்பறையில் நான் தோற்றுப்போனேன்.

அது மந்திரம் படிக்கும் பூனை என்று தெரிந்ததும் மருமகன் முகம் சுளித்தார். அவருடைய ஆட்சேபணையை நான் அலட்சியம் செய்யவில்லை. பூனை பள்ளிக்கூடம் போகாது, இது வெறும் கதை என்று பிள்ளையிடம் விளக்கிச் சொல்லி, அவர் பக்கத்தில் இருக்கும்போதே விளையாட விட்டேன். முதலில் சத்தத்தை நிறுத்தி, என் மடியில் வைத்துத்தான். நெட்டுக் கோடு வந்ததும் “அலிஃப்!” என்று கத்தினாள். கீழே கூராக வரும் கோடு அரபு எண்ணில் ஏழு, அதைக் கவிழ்த்தால் எட்டு என்று நான் சொல்லிக் கொடுத்தேன். பிறகு எழும் எட்டுமாக வீடு அதிர்ந்தது. மருமகனும் எட்டிப் பார்த்து, “அந்தப் பக்கம் ஒண்டு வருது மகள்” என்றார்.

ஒரு நாளைக்கு இரண்டு தரம் விளையாடுவோம், பிறகு டெப் அலுமாரிக்குள் போய்விடும். படுக்கை நனைவது ஒரு வாரத்தில் நின்றது. தனியாகப் படுக்க இன்னும் சில நாள் எடுத்தது.

மாத முடிவில் ஒரு காலை, பக்கத்து வீட்டு எலும்புக்கூட்டின் முன்னால் அவளாகவே நின்றாள். கண் திறந்திருந்தது. என் கையை மட்டும் விடவில்லை. தலை முதல் கால் வரை பார்த்தாள்.

“உம்மம்மா, இதுக்கு மேல கோடு இல்ல.”

“இது பிளாஸ்டிக் மகள். வாங்க, பஸ் வந்துட்டு” என்றேன்.