உப்பில் கோட்டை விட்டேன்!

ரிட்டயராகப் போகிற அப்பா, கல்யாணத்துக்கு நிற்கிற தங்கை. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்த கையோடு, இரவல் டையில் இன்டர்வியூ போனேன்.

''ஒரு கிலோ தண்ணீர்ல 0.1 மோல் சாப்பாட்டு உப்பு, 25 டிகிரி. அயனிகளோட ஆக்டிவிட்டி எவ்வளவு தம்பி?''

''0.1 சார்!''

''அஞ்சுல ஒரு பங்குக்கு மேல காணோமே!'' என்று சிரித்தபடி பெல் அடித்தார். அடுத்த ஆள் உள்ளே வந்தான்.

பஸ் ஸ்டாண்டிலேயே புத்தகத்தைப் புரட்டினேன். ஆக்டிவிட்டி கோஎஃபிஷியன்ட் 0.778! டிபையும் ஹியூக்கலும் 1923-லேயே காரணம் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு ப்ளஸ் அயனியையும் சுற்றி மைனஸ் கூட்டம். அந்த இழுபறியில் வீரியம் போச்சு. இப்போது என் ஆபீஸும் அதே கேஸ்தான்: பத்துப் பேர் சம்பளம், ஏழே முக்கால் பேர் வேலை.

ஒரு மோலுக்கு இன்னும் மோசம், 0.657. ஆனால் ஆறு மோலில்? 0.986! அங்கே ஒரு அயனிக்கு ஐந்து தண்ணீர் மூலக்கூறுகூடத் தேறாது. இருக்கிற தண்ணீரை அயனிகள் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, சும்மா திரியும் தண்ணீர் குறைகிறது. உப்புக்குப் போன வீரியம் திரும்புகிறது.

''எதுலடா கோட்டை விட்டே?'' என்றார் அப்பா.

''உப்புலப்பா.''

பதில் பேசவில்லை. அன்றைக்கு ரசத்திலும் உப்பில்லை. யாருமே கேட்கவில்லை.

அடுத்த ஆறு மாதம் வெறிபிடித்துப் படித்தேன். ஏழாவது இன்டர்வியூவில் வேலை கிடைத்தது.

அங்கே உப்பைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை!