பழுது பார்த்தல்

கெட்டுப்போன ஒன்றைச் சீர்செய்வதற்கு நம் மொழியில் 'பழுது பார்த்தல்' என்று பெயர். குடையோ, கடிகாரமோ, மிதிவண்டியோ, எதுவாயினும் பழுது பார்க்கத்தான் கொடுக்கிறோம். நீக்குவதும் மாற்றுவதும் பின்னால் வருபவை. பார்ப்பதே முதல் வேலை என்பதைச் சொல்லுக்குள்ளேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் நம் முன்னோர். கணினி வீட்டுக்குள் வந்த பின்னும் சொல் மாறவில்லை. பார்க்கும் பொறுமைதான் குறைந்துவிட்டது. திரை இருண்டவுடன் மனமும் இருண்டுவிடுகிறது. கைக்கு வந்த விசையையெல்லாம் அழுத்துகிறோம். அதுவும் பலிக்காவிட்டால் "இது அவ்வளவுதான்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

பணி ஓய்வு பெற்ற பின், அண்டை அயலாரின் கணினிகளைப் பழுது பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாயிற்று. வீடுகளிலிருந்தும் கடைத்தெருவின் சிறு அலுவலகங்களிலிருந்தும் அழைப்பு வரும். கூலி வாங்குவதில்லை, தேநீர் மட்டும் உண்டு. இந்தப் பழக்கத்தில் நான் கற்றவை கணினியைப் பற்றியவை மட்டுமல்ல என்பதால் இங்கே எழுதத் துணிகிறேன்.

கணினியுலகில் பழுதுக்குப் 'பூச்சி' என்று பொருள்படும் 'பக்' என்ற சொல் வழங்குவதை வாசகர்கள் அறிந்திருக்கலாம். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க் 2' என்னும் பெருங்கணிப்பொறி தடுமாறியது. உள்ளே தேடியவர்கள், ரிலே ஒன்றில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கி இறந்து கிடப்பதைக் கண்டார்கள். அதை எடுத்துக் குறிப்பேட்டிலேயே ஒட்டி, மெய்யான பூச்சி அகப்பட்ட முதல் நிகழ்வு இது என்று வேடிக்கையாக எழுதியும் வைத்தார்கள். வேடிக்கைக்குக் காரணம் உண்டு: பொறியாளர்கள் பழுதைப் பூச்சி என்று அழைப்பது அதற்கு முன்பே வழக்கில் இருந்தது, எடிசன் 1878இலேயே அச்சொல்லை எழுதியிருக்கிறார். அக்குழுவில் பணியாற்றிய கிரேஸ் ஹாப்பர் அம்மையார் இக்கதையைப் பல மேடைகளில் சொல்லிப் பரப்பினார். பூச்சி ஒட்டிய அந்த ஏடு இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உடைமையாக இருக்கிறது.

என்னைக் கவர்வது பூச்சியன்று, அந்தக் குறிப்பேடு. எந்த நேரத்தில், எந்த ரிலேயில், என்ன கண்டோம் என்று எழுதி வைத்த அந்த நிதானம். பழுது பார்க்கச் செல்லும்போது நானும் ஒரு சிறு குறிப்பேட்டைக் கொண்டு செல்கிறேன். முதலில் கேட்பவை இரண்டு கேள்விகள். கடைசியாக இது ஒழுங்காக ஓடியது எப்போது? அதற்குப் பின் என்ன மாறியது? இவ்விரண்டுக்கும் விடை கிடைத்தால் பாதிப் பழுது தீர்ந்தது போலத்தான்.

தட்டச்சு நிலையம் நடத்தும் ஒரு சகோதரி ஒருநாள் பதைபதைத்து அழைத்தார். "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா இருந்துச்சுண்ணே. இன்னிக்குக் காலையில செத்துப்போச்சு." இரவுக்கும் காலைக்கும் இடையே நிகழ்ந்தது, அறையைப் பெருக்கியது ஒன்றுதான். கணினி ஓடிக்கொண்டே இருந்தது; திரைக்கு வரும் கம்பி மட்டும் தளர்ந்திருந்தது. அழுத்திச் செருகியதும் திரை ஒளிர்ந்தது. அந்தச் சகோதரியின் முகமோ வாடியது. "இதுக்காகவா உங்களைக் கூப்பிட்டேன்?" என்றார். "இதே கம்பியை எத்தனையோ இடத்துல மாட்டியிருக்கேன்மா" என்றேன். உண்மையும் அதுதான். மிகப் பெரும்பாலான பழுதுகள் மிகச் சிறியவை. பழுது சிறியது என்பதற்காக, அதனால் கலங்கியவரைச் சிறுமைப்படுத்திவிடக் கூடாது. ஒருமுறை வெட்கப்பட்டவர் மறுமுறை கேட்கமாட்டார். கேட்காமலே உண்மையான கேட்டில் போய் விழுவார்.

வரிக்கணக்கு எழுதித் தரும் ஓர் அலுவலகத்தில், கடைசி நாளன்று அச்சுப்பொறி மௌனம் சாதித்தது. பதற்றத்தில் மூன்று பேரும் மாறி மாறி அச்சிடும் கட்டளையை அழுத்தியிருந்தார்கள். பழுதான ஒரு கோப்பு வரிசையின் தலையில் நின்று வழிமறிக்க, அதன் பின்னே அறுபதுக்கும் மேற்பட்ட கட்டளைகள் காத்துக் கிடந்தன. அச்சு வரிசையை ஆளும் 'ஸ்பூலர்' என்னும் சேவையை நிறுத்தி, வரிசையை வெறுமையாக்கி, மீண்டும் தொடங்கியதும் தாள்கள் வரத் தொடங்கின. ஒரு கட்டளைக்கு விடை வராதபோது அதையே உரக்கவும் பலமுறையும் சொல்வது நம் இயல்பு. அது வீட்டிலும் பயன்படுவதில்லை, கணினியிடமும் பயன்படுவதில்லை.

இன்னொரு நிகழ்வு, சான்றிதழ் விண்ணப்பங்களை இணையவழி அனுப்பித் தரும் ஒரு சேவை மையத்தில் கண்டது. நாள்தோறும் காலையில் எந்த இணையதளமும் திறக்கவில்லை. பாதுகாப்பற்ற தளம் என்றே எச்சரிக்கை வந்தது. இணைய இணைப்பு தரும் நிறுவனத்தோடு அவர்கள் ஒரு வாரமாகச் சண்டையிட்டுக் கொண்டிருந்தார்கள். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்த மாணவியர் வாசலில் நின்றனர். திரையின் வலது மூலையைப் பார்த்தேன். அது பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தேதியைக் காட்டியது. கணினிக்குள் ஒற்றை ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாய் இராத ஒரு மின்கலம் உண்டு, சி.ஆர். 2032 என்பது அதன் பெயர், 3 வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்திலும் நாளையும் மணியையும் நினைவில் வைத்திருக்க உதவுவது அதுவே. அது தீர்ந்துபோனால், இரவில் மின்தொடர்பைத் துண்டித்த கணினி காலையில் நாள் தெரியாமல் கண்விழிக்கும். பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும் தொடக்க நாளும் முடிவு நாளும் குறித்த ஒரு சான்றிதழைக் காட்டும். நாள் மறந்த கணினிக்கு எல்லாச் சான்றிதழும் பொய்யாகவே தோன்றும். மின்கலத்தை மாற்றி நாளைத் திருத்தியதும் சண்டைக்கு இடமில்லாமற் போயிற்று. நோய் தெரியும் இடம் ஒன்று, நோயின் வேர் இருக்கும் இடம் வேறு என்பதை அந்த மாணவியர் முன்னிலையில் கண்டேன்.

கணினியை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால் பல சிக்கல்கள் தாமே தீர்ந்துவிடுவதைப் பார்த்துச் சிலர் நகைக்கிறார்கள். அதில் மாயம் எதுவுமில்லை. கணினியின் தற்காலிக நினைவகத்தில், முடிந்துபோன வேலைகளின் மிச்சங்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். மறுதொடக்கம் அவற்றைத் துடைத்துவிட்டுப் புதிதாய்த் தொடங்குகிறது. ஆனால் பலரும் அறியாத நுட்பம் ஒன்று இதில் உண்டு. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, 'ஷட் டவுன்' கொடுத்தால் பல கணினிகள் முழுமையாக உறங்குவதில்லை. மறுநாள் விரைவாக எழுவதற்காக, இயக்க அமைப்பின் அடிநிலையை வன்தட்டில் அப்படியே எழுதிவைத்துக்கொள்கின்றன. பழுது அங்கே இருந்தால் அதையும் சேர்த்தே. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் யாவும் முதலிலிருந்து தொடங்கும். "நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன் சார்" என்பவரிடம் "ஒரு தடவை ரீஸ்டார்ட் கொடுங்க" என்று சொல்வதற்குக் காரணம் இதுவே.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில், நோயையும் அதன் முதலையும் தணிக்கும் வழியையும் வரிசையாகத் தேடிய பின்பே செயலில் இறங்கச் சொல்கிறார். அந்த வரிசையைக் கலைக்காதிருப்பதே பழுது பார்ப்பவரின் ஒழுக்கம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதன் பயனைப் பார்க்க வேண்டும். பயனில்லையேல் முன்பிருந்தபடியே வைத்துவிட்டு அடுத்ததற்குச் செல்ல வேண்டும். ஐந்தை ஒருசேர மாற்றினால் பழுது தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. தீராவிட்டாலோ, நாமே சேர்த்த புதுப் பழுதுகளையும் சுமக்க வேண்டிவரும்.

இந்த ஒழுக்கம் எவ்வளவு பெரிய பொருளைக் காக்கும் என்பதை 2023ஆம் ஆண்டு நேரில் கண்டேன்.

எங்கள் ஊருக்கு அருகில் எண்பது வயதைக் கடந்த தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். தம் இளமையில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் நடந்து, தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் கேட்டுக் கேட்டு எழுதியவர். அந்தக் கையெழுத்துப் படிகளை 1990களின் இறுதியில் அவர் துணைவியார் ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினார். துணைவியார் மறைந்துவிட்டார். கையெழுத்துப் படிகளில் பெரும்பகுதியைக் கரையான் தின்றுவிட்டது. மகன் புதிய கணினி வாங்கித் தந்து, பழைய கோப்புகளில் ஒரு பகுதியை அதில் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியூர் சென்றுவிட்டார். ஆசிரியர் கோப்பைத் திறந்தபோது தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தாறுமாறாகச் சிதறிக் கிடந்தன. பார்க்க வந்த ஒருவர், வைரஸ் தின்றுவிட்டது என்றும், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும் என்றும் சொல்லிப் போயிருந்தார்.

"அழிச்சுடலாமா தம்பி?" என்று என்னிடம் கேட்டார். குரலில் அழுகை இல்லை. அழுது முடித்தவரின் குரல் அது.

"கொஞ்சம் பொறுங்கய்யா, பார்ப்போம்" என்று திரைமுன் அமர்ந்தேன். நெடுநேரம் எதையும் தொடவில்லை. பார்க்கப் பார்க்க, அந்தச் சிதறலில் ஓர் ஒழுங்கு தென்பட்டது. வரிகள் பாட்டின் வரிகளைப் போலவே மடிந்து இறங்கின. சொற்களுக்கிடையே இடைவெளி இருந்தது. சில வரிகளின் தொடக்கத்தில் ஒரே எழுத்துக் கூட்டம் திரும்பத் திரும்ப வந்தது: பெரிய எம், யூ, எச், பெரிய என், யூ, எச். சிதைந்த கோப்பில் இத்தகைய ஒழுங்கு இராது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகியவர்களுக்கு அந்த ஆறு விசைகளும் தெரியும். அவை 'ஆராரோ'.

எழுத்து அழியவில்லை; அதன் ஆடை மட்டுமே காணாமற் போயிருந்தது. உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடு 1991இலேயே தமிழுக்கு இடம் தந்தது. ஆயினும் அது நம் வீட்டுக் கணினிகளை எட்டப் பல ஆண்டுகளாயின. அதுவரை ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மீது தமிழ் வடிவங்களைப் போர்த்தியே எழுதிவந்தோம். அந்தப் போர்வைகள்தாம் பழைய எழுத்துருக்கள். ஒவ்வொன்றிலும் அடுக்குமுறை வெவ்வேறு. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியீடுகளைத் தரப்படுத்தியது. 2010இல் யூனிகோடை ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட எத்தனையோ தமிழ்க் கோப்புகள், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் இப்படித்தான் புலம்பும்.

எஞ்சிய கோப்புகள் பரணில் கிடந்த பழைய கணினியில் இருந்தன. அதை இறக்கி உயிர்ப்பித்தபோது வன்தட்டிலிருந்து 'டக், டக்' என்று ஒலி எழுந்தது. அது நல்ல ஒலியன்று. சுழலும் தட்டின்மேல் அசைந்து படிக்கும் முனை தன் இடத்தைக் காணாது தட்டுத் தடுமாறும் ஒலி. ஒவ்வொரு நிமிட ஓட்டமும் சேதத்தை மிகுவிக்கக்கூடும். அந்நிலையில் கணினியைச் சீர்செய்ய முயல்வது தவறு. தீப்பற்றிய வீட்டில் சுவருக்கு வெள்ளையடிப்பவர் உண்டா? உள்ளிருப்பதை வெளியே கொணர்வதே முதற்கடமை. தட்டு இன்னும் படிக்க இசைந்தபடியால் கோப்புகளை மட்டும் வேறோர் இடத்திற்குப் படியெடுத்தோம். பிறகு அதை நிறுத்தியவர்கள் மறுபடி ஓட்டவேயில்லை.

எழுத்துருவைப் புதிய கணினியில் சேர்த்ததும் தமிழ் திரும்பி வந்தது. அடுத்து ஒரே ஒரு கோப்பின் படியை மட்டும் யூனிகோடுக்கு மாற்றி, கரையானுக்குத் தப்பிய தாள்களோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். பிழையில்லை என்று தெளிந்த பின்பே மற்றவற்றைத் தொட்டோம். இதற்குப் பல வாரங்கள் சென்றன. ஆசிரியர் அருகமர்ந்து ஒவ்வொரு பாட்டையும் வாய்விட்டுப் படித்தார். ஒவ்வொரு பாட்டின் அடியிலும், அதைப் பாடிய பெண்ணின் பெயரையும் ஊரையும் அவர் துணைவியார் மறவாது குறித்திருந்தார். களையெடுத்தவர், பீடி சுற்றியவர், இளவயதிலேயே தாலியிழந்தவர் எனப் பலர். அவர்களுள் ஒருவரும் இன்றில்லை. வேறெந்த ஏட்டிலும் அவர்களின் பெயர் இல்லை. 'அழிக்கலாமா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று யாரேனும் ஒரு விசையை அழுத்தியிருந்தால், அவர்கள் இரண்டாம் முறையும் இறந்திருப்பார்கள்.

கணினி ஒரு பொருள். பணம் கொடுத்தால் இன்னொன்று கிடைக்கும். அதனுள் நாம் இட்டு வைத்தவை அப்படிப்பட்டவை அல்ல. அன்னையின் நிழற்படம், சிறு சங்கத்தின் இருபதாண்டுக் கணக்கு, பேரனின் முதற்குரல் இவையெல்லாம் ஒரு சுழலும் தட்டின் தயவில் இருக்கின்றன. எனவே அன்பு வாசகர்களே, உங்கள் கணினி நலமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்று செய்யுங்கள். இழக்க மனமில்லாதவற்றுக்கு மூன்று படிகள் இருக்கட்டும். அவை குறைந்தது இருவகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்று உங்கள் வீட்டுக்கு வெளியே, உடன்பிறந்தார் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். எடுத்த படியைத் திறந்து படிக்கவும் முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். திறந்து பாராத படி, படியே ஆகாது. நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை. இன்று மாலை விளக்கேற்றியதும் அமருங்கள், போதும்.